நூற்று எண்பத்தோராவது நாள்

கேஸ் ஏஜென்சி கொடுத்த காலண்டரில்
லெயோன் தினமும் ஒரு நாளைப் பென்சிலால் அடிப்பார்.
பால் வேண்டாத நாளுக்கு நான் போடும் வட்டமும்
அவர் கோடும்
சில கட்டங்களில் இடித்துக்கொள்ளும்.

ரோவாஸி விமான நிலையத்தில்
பெட்டி சுற்றும் பெல்ட்டை
இருபத்தொன்பது வருஷம் பழுதுபார்த்தவர்.
ஐம்பத்து நான்கில் போதுமென்று எழுதிக் கொடுத்தார்.
பென்ஷன் அறுபத்து நான்கில்.
இடையில் பத்து வருஷத்தை
ஒரு கவரின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்திருந்தார்:
சேமிப்பு, நெல்லித்தோப்பு மாடி வாடகை,
மீன் அங்கே விற்கிற விலை, இங்கே விற்கிற விலை.
மார்வலிக்கு அந்தக் கவரில் இடமில்லை.

அவர் அட்டை பச்சை, படம் போட்டது.
என் அட்டை மஞ்சள், ஓரம் கிழிந்தது.
பச்சைக்கு வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல்
அங்கே குடியிருக்க வேண்டும்.
இருக்கிறீர்களா என்று கேட்டுக் கடிதம் வரும்,
மிக மரியாதையாக,
கடைசிப் பத்தி முழுக்க வணக்கமாக.
மஞ்சளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.
ரேஷன் கடைக் கதவில் துருவேறிய பூட்டு.

ஆடிட்டர் கோதண்டபாணிக்குக் காந்தி வீதியில் மாடியறை.
ஏசியிலிருந்து பக்கெட்டில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.
"நூற்று எண்பத்திரண்டு ஆயிட்டா
நீங்க இந்த ஊர்க்காரர் சார். வரிக்கு மட்டும்."
லெயோன் சிரித்தார்.
அறுபத்திரண்டில் அவர் அப்பாவுக்கும்
ஆறே மாதம்தான் கொடுத்தார்களாம்,
எந்த நாடு என்று எழுதித் தர.
அப்பா ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டார்.
பிள்ளை வருஷா வருஷம் முடிக்கிறார்.

"ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு.
ஒரே காசுக்கு ரெண்டு தரம் கட்ட வேணாம்,
பாரம் மட்டும் ரெண்டு."
காசுக்கு இரண்டு நாடும் கைநீட்டுகின்றன,
மாத்திரைக்கு ஒன்று மற்றொன்றைக் கைகாட்டுகிறது,
இதற்கு என்ன பாரம் என்று
கேட்க நினைத்தேன்.
பக்கெட் நிரம்பியிருந்தது. அதைச் சொன்னேன்.

இங்கே பாலிசி எடுக்கலாம்தான்.
பழைய நோய்க்கு மூன்று வருஷம் கழித்து என்றார்கள்.
பிரஷர் அவருக்குப் பழசு,
என்னைவிடப் பழசு.

நூற்று எழுபத்தொன்பதாம் இரவு
தட்டில் கை வைத்தவர் எடுக்கவில்லை.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
ஆட்டோக்காரர் சிக்னலில் நிற்கவில்லை.
கவுண்டரில் இருந்த பெண்
பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது எந்த பேங்க் கார்டும்மா?" என்றாள்.
அவள்மேல் தப்பில்லை.
முன்பணம் ஒரு லட்சம்.
பாத்ரூம் இடித்துக் கட்ட வைத்திருந்தது.

மறுநாள் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள்.
முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்,
தண்ணீர் என்று நினைத்தேன்.
விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்.
பிறகுதான் புரிந்தது:
இங்கே படுத்திருக்கிற நாள்
கணக்கில் சேருமா?

படிக்கட்டில் நின்று ஆடிட்டருக்குப் போன் செய்தேன்.
"சேரும்மா."
கொஞ்சம் பொறுத்து,
"ஆஸ்பத்திரிக்குத் தனி விலக்கு இருக்கான்னு
பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்றார்.
நல்ல மனிதர். இன்னும் பார்க்கிறார்.

இன்றிரவு ஒன்றைம்பதுக்கு
சென்னையில் அவர் விமானம் கிளம்பும்.
இருக்கை முப்பத்தொன்று சி, நடைவழி ஓரம்,
கால் நீட்டக் கேட்டு வாங்கியது.
மூன்று நாளைக்கு நகரக் கூடாது என்கிறார் டாக்டர்.
மூன்று நாளில் அவர் யார் ஆவார் என்று
டாக்டருக்குத் தெரியாது.

குளித்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தேன்.
இன்றைய கட்டம் வெள்ளையாக இருந்தது.
பால் வேண்டாமென்று ஒரு வட்டம் போட்டேன்.
ஃபிளாஸ்க், கைலி, அவர் மூக்குக் கண்ணாடி.
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி
சுருட்டிப் பைக்குள் வைத்தேன்,
பென்சிலையும்.
கோட்டை அவரே போடட்டும்.